கொல்லையில் ஒரு சல்கேட்டா

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மேய்வது சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமை. பார்க்க வருகிறவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "பாய், நம்ம பக்கத்துக் காட்டுலயே நட்சத்திர ஆமை கெடக்குமே, அதையே வளத்துருக்கலாமே?"

வளர்க்கக் கூடாது. நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வழக்கானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ராசி என்று நம்பி வாங்குகிறவர்களால்தான் அது சாக்குச் சாக்காகக் கடத்தப்படுகிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது. மழைக்குப் பிறகு மானாவாரிக் காட்டில் தென்பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். தார்ச்சாலையைக் கடந்துகொண்டிருந்தால், அது போகும் பக்கத்திலேயே ஓரமாக இறக்கிவிடுங்கள். யாராவது பிடித்து வைத்திருந்தால் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

சல்கேட்டாவுக்கும் காகிதம் உண்டு. 2024-ல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பில் தராத கடையில் வாங்கவே வேண்டாம்.

இனி கொல்லை. இந்த ஆமை சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பைச் சேர்ந்தது. அங்கே வெயிலுக்குத் தப்ப மண்ணுக்குள் வளை தோண்டிப் படுக்கும். அந்தக் குணம் இங்கேயும் மாறாது. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டிதான். எங்கள் செம்மண்ணை ஒரே காலையில் குடைந்து பாதி உடம்பை உள்ளே இறக்கிவிடும். அதனால் சுற்றுச்சுவருக்கு ஹாலோபிளாக் கல்லைத் தரைக்குக் கீழே இரண்டடி இறக்கியே கட்ட வேண்டும். மூலைகளில்தான் அதிகம் தோண்டும், அங்கே அடியில் பலகைக்கல் போடுங்கள். கம்பிவலை உதவாது. அந்தப் பக்கம் தெரிந்தால் போதும், நாள் முழுக்க முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

நிழலுக்கு வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழே ஒரு பெரிய சிமென்ட் உறையைப் படுக்கவைத்துப் பாதி புதைத்து, மேலே மண் மூடினேன். சித்திரை வெயிலில் விடிந்ததும் வெளியே வந்து அருகம்புல்லைக் கறுக் கறுக்கென்று கடிக்கும். வெயில் ஏறியதும் உறைக்குள் போனால் சாயங்காலம்தான் தலை தெரியும். தண்ணீரை அகலமான மண்தட்டில் தரை மட்டத்துக்குப் புதைத்து வையுங்கள். அதிலேயே கழிக்கும், தினமும் மாற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகளை விடாதீர்கள், சால்மோனெல்லா கிருமி ஒட்டும்.

திண்டுக்கல் வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் எனக்குக் கவலை. ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கில் நீர் குமிழிடும், அது நுரையீரல்வரை போகும். அந்த மாதங்களில் மேடான கொட்டகையில் வைக்கோல் பரப்பி, ராத்திரி உள்ளே அடைத்துவிடுகிறேன். குமிழ் கண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

குஞ்சுக்கு வேறு கணக்கு. கதகதப்போடு மிதமான ஈரப்பதமும் வேண்டும். வறண்ட இடத்தில் வளர்ந்தால் ஓடு கூம்பு கூம்பாகப் புடைக்கும், பிறகு சரியாகாது. பெருச்சாளியும் காக்கையும் விடாது. வலைமூடி போட்ட கூண்டில்தான் வெயில் காட்ட வேண்டும். தெருநாய் பெரிய ஆமையையே கடித்து ஓட்டைப் பெயர்த்துவிடும், கேட்டின் அடியில் இடைவெளி விடாதீர்கள்.

தீனி முக்கால் பங்கு புல். மிச்சத்துக்குச் செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றை ஓரமாகப் போட்டுவைத்தால் தானே கொறிக்கும். சோறு, பிஸ்கட், வாழைப்பழம் கூடாது, பாசத்தில் விருந்தாளிகள் நீட்டினாலும் தடுங்கள். கொல்லையில் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், விஷம். பூ மார்க்கெட்டில் மிஞ்சிய ரோஜாவையும் போட வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள்.

கடா ஆமை இரண்டை ஒன்றாக விடவே கூடாது. ஒன்றையொன்று கவிழ்த்துவிடும், மல்லாந்தது உச்சிவெயிலில் சீக்கிரம் செத்துப்போகும்.

உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுதான் 40 கிலோவுக்கு மேல் வளரும், அரை நூற்றாண்டு தாண்டியும் இருக்கும். எங்கள் வீட்டில் என் தங்கை மகன்தான் அடுத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவன். தீனி வைப்பதும் எடை பார்ப்பதும் இப்போதே அவன் வேலை. பதிவுக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.