கிரிப்டோ நாணயமும் முதல் காக்கும் முறையும்

பொருளீட்டுதல் அரிது, ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. பின்வரும் ஊதியத்தைக் கருதிக் கையிலுள்ள முதலையும் இழக்கும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று, தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் நமக்கு உணர்த்துகின்றார். இளைஞர் பலர் நாவிலும் இன்று வழங்கும் கிரிப்டோ நாணயத்தை அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தார்க்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுப் படிப்பன்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் பொருட்டு இப்பக்கத்து நிலங்கள் பல எடுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த காணிக்கு ஈடாக ஒரு தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றது. ஒரு போகம் பொய்த்தாலும் மறுபோகத்திற்கு மண் அங்கேயே இருக்கும். பணமோ ஒருமுறை கைவிட்டுப் போனால் மீள்வதரிது. “இதை எதில் போடலாம், தம்பி?” என்று தந்தை தம் படித்த மகனைக் கேட்கும்பொழுது, அம்மகன் கூறும் விடையில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கின்றது.

நிற்க. கிரிப்டோ நாணயம் என்பது யாது? அது அச்சிட்ட தாளுமன்று, வார்த்த உலோகமுமன்று. உலகெங்குமுள்ள கணினிகள் ஒருங்கே எழுதிக் காக்கும் கணக்கேட்டில் ஒருவர் பெயர் குறியாது பதிவாகும் ஓர் உரிமை. இவற்றுள் மூத்ததாகிய பிட்காயின், சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரால் 2008-ல் விளக்கப்பட்டு 2009 ஜனவரியில் தொடங்கியது. அதன் எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாதென்பது அதன் விதி. அருமை ஒன்றே பொருளுக்கு விலையாகாது. நிலம் நெல் தரும். வங்கி வைப்பு வட்டி தரும். பிட்காயினோ தானாக ஒன்றையும் விளைவிப்பதில்லை. நாளை மற்றொருவர் மிகுந்த விலைக்கு வாங்குவார் என்னும் நம்பிக்கையே அதன் ஊதியத்திற்கு ஆதாரம்.

அந்நம்பிக்கை ஏறி இறங்கும் வேகத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலராக இருந்த ஒரு பிட்காயினின் விலை, ஓராண்டிற்குள் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 1,00,000 ரூபாய் இட்டவர் கையில் ஏறத்தாழ 23,000 ரூபாயே எஞ்சியது. இழந்ததை மீட்க விலை நான்கு மடங்கிற்கு மேல் உயரவேண்டும். அவ்வாறே உயர்ந்து, 2024 டிசம்பரில் அது 1,00,000 டாலரையும் கடந்ததென்பது உண்மையே. ஆயினும், பொறுத்திருக்க முடிந்தவர்க்கே அவ்வேற்றம் பயன்பட்டது. 2022-ல் மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ பணம் வேண்டி விற்றவர்க்கு இழப்பு இழப்பாகவே நின்றது.

விலை வீழாதிருப்பினும், பொருளை ஒப்படைத்த இடம் வீழக்கூடும். இதற்குச் சென்னை மாநகரமே பழைய சான்று கூறும். 1906 அக்டோபர் 22-ல் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுக்க இயலாது நின்றது. அதன் பெருமையை நம்பிச் சேமிப்பை இட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கலங்கினர். உரிமையாளராகிய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அவ்விடரினின்று கற்ற பாடமே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் வங்கியாக உருப்பெற்றது. இக்காலத்திலும், 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்னும் பெரிய நாணயச் சந்தை முறிந்தது. 2024 ஜூலையில் இந்தியச் சந்தையாகிய வசீர்எக்ஸிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அதில் வைத்திருந்தோர் ஓராண்டிற்கு மேல் தம் நாணயங்களை எடுக்க இயலாது தவித்தனர். வங்கி வைப்பிற்கு 2020 பிப்ரவரி முதல் 5 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கிரிப்டோ நாணயத்திற்கு அத்தகைய காப்பு இல்லை.

சட்டத்தின் நிலையும் அறியற்பாலது. இதில் ஈடுபடுவோர்க்கு வங்கிகள் சேவை செய்தலாகாதென 2018-ல் ரிசர்வ் வங்கி விதித்த தடையை, 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இதனைச் சொத்து வகையாகக் கருதித் தீர்ப்பளித்தது. ஆகவே வைத்திருத்தல் குற்றமன்று. வரியோ கடுமையானது: 2022 ஏப்ரல் முதல் ஊதியத்தில் நூற்றுக்கு 30, அதன்மேல் செஸ் வேறு. ஒரு நாணயத்தில் 50,000 ரூபாய் ஊதியமும் மற்றொன்றில் 50,000 ரூபாய் இழப்பும் வந்தால், மொத்தத்தில் ஊதியம் ஒன்றுமில்லை; எனினும் இழப்பைக் கழிக்கச் சட்டம் இடந்தராமையால் 15,600 ரூபாய் வரி செலுத்தியாகவேண்டும். அடிக்கடி வாங்கி விற்போர் இதனை மறந்து இடர்ப்படுவர்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து, நாம் கைக்கொள்ளத்தக்க முறையைப் பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வட்டிக்கடனைத் தீர்த்து, ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியில் ஒதுக்கிய பின்னரே இதனை எண்ணுதல் வேண்டும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ இதில் இடுதல் அறவே ஆகாது.

இரண்டாவது, முழுதும் அழிந்தாலும் குடும்பத்தின் நடை மாறாத அளவே இடத்தக்கது. எம் கருத்தில், சேமிப்பு நூறாயின் அது ஐந்தைத் தாண்டலாகாது. 2022-ஐப் போன்ற வீழ்ச்சியில் அவ்வைந்தில் நான்கு போகும், தொண்ணூற்றைந்து நிற்கும்.

மூன்றாவது, அச்சிறு பங்கையும் ஒரே நாளில் இடாது, மாதந்தோறும் சிறிது சிறிதாக இடுதல் நன்று. உச்ச விலையில் முழுவதையும் வாங்கிவிடும் கேட்டினின்று இது காக்கும். ஐந்தாண்டிற்குள் தேவைப்படும் பணம் இதற்கு உரியதன்று.

நான்காவது, ‘மாதம் இத்தனை உறுதி’ என்று எவர் கூறினும் அவரை விட்டு விலகுக. நாளும் ஏறி இறங்கும் பொருளில் உறுதியான வட்டி எங்ஙனம் வரும்? ஆள் சேர்த்தால் பங்கு என்பாரையும் அவ்வாறே விலக்குக.

ஐந்தாவது, உரிமைக்குச் சான்றாகிய இரகசியத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பூட்டி வைக்கவேண்டும். அது தொலைந்தால் மீட்டுத்தர வங்கியுமில்லை, தாசில்தாருமில்லை. அஃது இருக்கும் இடத்தை வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் அறிந்திருத்தல் நலம்.

ஆறாவது, எப்பொழுது விற்பது என்பதை வாங்குமுன்னரே குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். விலை ஏறுங்கால் பேராசையும் இறங்குங்கால் அச்சமும் அறிவை மறைக்கும். தெளிந்த நாளில் எழுதிய எழுத்தே கலங்கிய நாளில் கைகொடுக்கும்.

இவ்வாறு ஒழுக இயலாதென்று கருதுவோர் இதனைத் தொடாதிருத்தலே சாலச் சிறந்தது. தொடாமையால் வறியராயினார் ஒருவருமில்லை. தந்தையின் வினாவிற்கு விடை கூறும் மாணாக்கர், முதலில் அத்தொகை எந்நிலத்தின் விலை என்பதை நினைந்து, பின்னர் வாய் திறப்பாராக.