தினம் போகும் வழிக்கு ஒரு சைக்கிள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பியிருந்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தடித்த டயர் போட்ட ஃபேட் பைக் ஒன்று, முன்னால் சஸ்பென்ஷன் வைத்த எம்டிபி ஒன்று, ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்த ரோடு பைக் ஒன்று. 'இதில் எது நல்லது மாமா?' என்று கேட்டிருக்கிறாய். மூன்றும் வெவ்வேறு வேலைக்காகச் செய்தவை. உனக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

வாரத்தில் ஐந்து நாள் பீளமேட்டு அறையிலிருந்து விளாங்குறிச்சி வழியாகச் சரவணம்பட்டி ஆபீசுக்குப் போகிறாய். கூடவே லேப்டாப் பை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோழிகளோடு சிறுவாணி ரோட்டில் ஒரு சுற்று. என்றைக்காவது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. ஆண்டு முழுக்க நீ ஓட்டப்போகும் கிலோமீட்டரில் பெரும்பங்கு ஆபீஸ் போய் வருவதுதான். ஆனால் படங்கள் மூன்றும் ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்து எடுத்தவை. திங்கட்கிழமைக்குப் பார்த்து வாங்கு, அம்மிணி. வாரம் முழுக்க ஓட்டிப் பழகினால்தான் குன்னூர் ஏறுகிற காலும் வரும்.

எந்த வேலைக்கு என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்குப் புதுக்கோட்டை நல்ல உதாரணம். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்போது சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதும் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். 'பெண்களுக்கு இதுதான்' என்று கடைக்காரர் எடுத்து வைப்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தங்கள் அன்றாடத்துக்கு எது உதவும் என்று பார்த்தார்கள். நீயும் கடைக்குள் அந்தத் தெளிவோடு போ.

ஃபேட் பைக் உனக்கு வேண்டாம். நாலங்குல டயர் பனியிலும் மணலிலும் புதையாமல் ஓடுவதற்காக வந்தது. தார் ரோட்டில் அந்த அகலம் முழுக்க உன் காலுக்குப் பாரம்தான். எம்டிபியில் இருக்கும் சஸ்பென்ஷனும் அப்படித்தான். கல்லும் வேருமாக இறங்கும் மலைப்பாதையில் நல்ல ஃபோர்க் கையைக் காப்பாற்றும். ஆனால் அப்படிப்பட்ட ஃபோர்க்குக்கு நிறைய பணம் கொடுக்க வேண்டும். நீ சொன்ன விலையில் கிடைப்பது வெறும் ஸ்பிரிங் வைத்த கனமான ஃபோர்க். எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் அது அமுங்கி, உன் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 'சக்கரம் 29 இஞ்ச், பெரியது' என்றும் கடையில் சொல்வார்கள். நான் பிறகு சொல்லப்போகும் ஹைபிரிட் சைக்கிளில் வரும் 700சி சக்கரத்துக்கும் 29க்கும் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றுதான்: 622 மில்லிமீட்டர். டயரின் பருமன்தான் வித்தியாசம்.

ரோடு பைக்கைப் பற்றி மரியாதையோடுதான் சொல்கிறேன். எல் அண்ட் டி பைபாஸில் விடியற்காலையில் கூட்டமாகப் பறக்கிறவர்களுக்கு அது சரியான வண்டி. ஆனால் 25, 28 மில்லிமீட்டர் டயரில் காற்றை இறுக்கி அடித்து ஓட்ட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும், ஒரு குழியில் இறங்கி ஏறியதும் டியூப் நசுங்கி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். கேரியர், மட்கார்டு மாட்டப் பெரும்பாலான ரோடு பைக்கில் துளையே இருக்காது. குனிந்து ஓட்டுவதால் பஸ், வேன் நடுவே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலிக்கும். உன் ஆபீஸ் நண்பர் போகிற 200 கிலோமீட்டர் பிரவே என்னும் நேரக்கெடு வைத்த நெடும்பயணத்துக்கு ரோடு பைக் கட்டாயம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பயணங்களுக்கு விதி வகுத்திருப்பது பாரிஸின் ஆடாக்ஸ் கிளப். 200 கிலோமீட்டருக்கு அவர்கள் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. டீ குடிக்க நிற்பதையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே போதும். காலால் மிதித்து ஓட்டும் எந்த வண்டியும் போகலாம்.

ஆக நான் சொல்வது ஹைபிரிட். நேரான ஹேண்டில்பார், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், 35லிருந்து 40 மில்லிமீட்டர் வரை வழுவழுப்பான டயர். கேரியருக்கும் மட்கார்டுக்கும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இனி கியர். நீ அதிகம் குழம்பியிருப்பது இதில்தான். '21 கியர், 24 கியர்' என்று எண்ணிக்கையைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஒரு 21 கியர் வண்டியைப் பிரித்துப் பார்ப்போம். முன்னால் மூன்று பல்சக்கரம்: 48, 38, 28 பல். பின்னால் ஏழு: 14, 16, 18, 20, 22, 24, 28. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று தெரிந்துவிடும். 48க்கு 28 போட்டால் 1.71. 38க்கு 22 போட்டால் 1.73. 28க்கு 16 போட்டால் 1.75. மூன்றும் கணக்கில்தான் வேறு. உன் காலுக்கு ஒன்றே. இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுபவற்றைக் கழித்தால், அந்த இருபத்தொன்றில் உண்மையாகத் தேறுவது பன்னிரண்டு சொச்சம். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டு முனையைப் பார். அதிலும் முக்கியம் கீழ்முனை: முன்னால் ஆகச் சிறியது, பின்னால் ஆகப் பெரியது.

ஏன் கீழ்முனை என்றால், உன் குன்னூர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் ஏறியாக வேண்டும். 28க்கு 28 பல் இருந்தால் பெடலும் சக்கரமும் ஒன்றுக்கு ஒன்று. ஒரு மிதிக்கு வண்டி இரண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாகச் சுற்றினால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வரும். மலையில் அது நல்ல வேகம். மூச்சு வாங்கும், ஆனால் முட்டி தாங்கும். இதே ஏற்றத்தில் 44க்கு 18 பல் வைத்த கியர் இல்லாத சைக்கிளில் அதே வேகத்தில் போனால், நிமிடத்துக்கு 25 சுற்றுதான் சுற்ற முடியும். ஒவ்வொரு மிதியும் படியேறுவதுபோல் முட்டியில் இறங்கும். குன்னூர் ஆசை மட்டும் உனக்கு இல்லாதிருந்தால் நான் அந்தக் கியர் இல்லாத வண்டியைத்தான் சொல்லியிருப்பேன். விலை குறைவு, செயினுக்கு முழுக் கவர், எந்தத் தெருமுனைக் கடையிலும் பார்த்துத் தருவார்கள். தினமும் ஆறேழு கிலோமீட்டருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இறக்கத்தையும் நினைத்துக்கொள். குன்னூரிலிருந்து கீழே வரும்போது முழுத் தூரமும் பிரேக்தான் வேலை செய்யும். சாதா வி-பிரேக் ரிம்மையே பிடிப்பதால் ரிம் சூடேறிவிடும். மழையில் நனைந்தால் பிடிக்கவும் நேரமாகும். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதானால் வி-பிரேக் போதும் என்பேன். உனக்கு டிஸ்க் பிரேக் இருக்கட்டும். சஸ்பென்ஷனில் மிச்சமாகும் பணத்தை இதில் போடு.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது அளவு. எவ்வளவு நல்ல வண்டியும் அளவு பொருந்தாவிட்டால் இரண்டு மாதத்தில் படிக்கட்டுக்குக் கீழே போய்விடும். கடையில் வண்டியின் குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நில். கம்பிக்கும் உனக்கும் நடுவே இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே விட்டு, குதிகாலை அதன் மேல் வை. கால் மடங்காமல் நேராக நின்றால் சீட்டின் உயரம் சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் வேண்டும். தரையில் இரண்டு பாதமும் பதியட்டும் என்று கடைப்பையன் சீட்டை இறக்கித் தருவான், ஒப்புக்கொள்ளாதே. சீட்டில் உட்கார்ந்தபடி விரல்நுனி தரையைத் தொட்டால் போதும். கடைசியாகக் கை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை விறைத்து நீண்டால் பிரேம் உனக்கு நீளம். சீட்டை முன்னால் தள்ளி அதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அடுத்த சிறிய அளவைக் கேள். அந்த அளவு கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிக் காத்திரு.

டியூபின் வால்வையும் ஒருமுறை பார்த்துவிடு. ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால், பெட்ரோல் பங்கிலும் தெருமுனைப் பங்ச்சர் கடையிலும் இருக்கும் காற்று முனை அதில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே திருகி வைத்துக்கொள். ஸ்கூட்டர் டியூபில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் கவலையே இல்லை.

ஹைபிரிட்டில் செயினுக்குக் கவர் இருக்காது. சுடிதார் போடும் நாளில் துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிக்கொள். காலில் ஒரு வெல்க்ரோ பட்டை போடு. லேப்டாப் பையை முதுகில் சுமக்காதே. கேரியரில் பக்கவாட்டில் தொங்கும் பை மாட்டினால் முதுகு வேர்க்காது, வண்டியும் அலையாது. ஹெல்மெட், முன்பின் விளக்கு, நல்ல பூட்டு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மூவாயிரமாவது முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் வண்டியைத் தேடு.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது லேப்டாப் பையோடு, ஆபீசுக்குப் போடும் செருப்போடு போ. வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவு செய்யாதே. கடையைச் சுற்றி ஒரு கிலோமீட்டராவது ஓட்டிப் பார். ஒரு வேகத்தடையாவது ஏறி இறங்கு. பிரேமின் அளவு எண் சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும். அதையும் பின்சக்கரத்துப் பல் எண்ணிக்கையையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அன்று மதியம் வரை நான் கோபியில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
மாமா