வாள்வீரனும் ஜெயிக்கணும், கள்ளனும் ஜெயிக்கணும்!

சாரல் பிடிச்சாச்சுன்னா கடையத்துப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளே உட்கார வைக்கிறது பெரும்பாடு. அருவியில வெள்ளம், குளிக்க விடலைன்னு தெரிஞ்சா கேட்கவே வேண்டாம். அந்த மாதிரி நாளுக்குக் கை கொடுக்குறது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகைக் கதை விளையாட்டு. ஒருத்தர் கதை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்து ராட்சசனைத் தேடிப் போவாங்க. “அவனுக்கு மட்டும் எல்லா சக்தியும், நான் சும்மா நிக்கணுமா?”ங்கிற சண்டை உங்க வீட்டிலும் நடந்தா, இதெல்லாம் உதவும்.

1. இந்த விளையாட்டுக்கான இருபது முகப் பகடை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், பரணில் கிடக்கிற பித்தளைத் தாயக்கட்டையை இறக்குங்க. இருபது முகத்தில் எல்லா எண்ணும் ஒரே சமமா விழும். தாயக்கட்டை ரெண்டும் சேர்ந்து 16 விதமா விழலாம். அதில் மூணு மட்டும் 4 விதம், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். நடு எண் அடிக்கடி வருவதால் குருட்டு அதிர்ஷ்டம் குறைஞ்சு, திறமைக்கு மதிப்பு கூடும்.

2. ‘நாலு அல்லது அதுக்கு மேலே விழுந்தா காரியம் ஜெயம்’னு வெச்சுக்கோங்க. வெறுமனே உருட்டினா 16-க்கு 7 தடவை ஜெயிக்கலாம். திறமைக்காக ஒண்ணு கூட்டினா 11, ரெண்டு கூட்டினா 14. மூணு கூட்டினாலோ தோற்கவே வழியில்லை, தாயம் விழுந்தாலும் நாலாயிடும்! அதனால யார் எவ்வளவு கெஞ்சினாலும் ரெண்டுக்கு மேல ஏத்தாதீங்க. தோற்க முடியாத பிள்ளை உருட்டும்போது பக்கத்துல இருக்கிற பிள்ளை கொட்டாவி விடும்.

3. பலம், சுறுசுறுப்பு, உடல்வாகு, அறிவு, விவேகம், கவர்ச்சின்னு ஆறு குணம். எல்லாத்துக்கும் 8 மார்க் இலவசமாப் போட்டுட்டு, ஆளுக்கு 27 புளியங்கொட்டை எண்ணிக் கொடுத்து மேற்கொண்டு வாங்கிக்கச் சொல்லுங்க. 13 வரை ஒரு மார்க்குக்கு ஒரு கொட்டை, 14-க்கும் 15-க்கும் மட்டும் ரெண்டு ரெண்டு, 15-க்கு மேலே கிடையாது. உச்சியில விலை ஏறுறதால ஒண்ணையே ஊதிப் பெருக்க நினைக்கிற பிள்ளைக்குக் கை தானா அடங்கும். 12, 13-க்கு ஒண்ணு, 14, 15-க்கு ரெண்டுன்னு இதையே தாயத்தில் கூட்டிக்கலாம். 8, 9-ல நின்னா ஒண்ணு குறைச்சுக்கணும்.

4. விளையாட்டு தொடங்கும் முன்னே ஒரு கை ஆடுபுலி ஆட்டம் ஆட விடுங்க. புலி மூணு, ஆடு பதினைஞ்சு, ரெண்டுக்கும் வேலையே வேற, ஆனாலும் ரெண்டு பக்கமும் ஜெயிக்க முடியும். பக்கம் மாத்தி ரெண்டு தடவை ஆடினா, சமம்னா எல்லாருக்கும் ஒரே பலம் கொடுக்கிறதுன்னு நினைக்கிற பிள்ளைக்கு நாம வாயால விளக்க வேண்டியதில்லை.

5. ஒத்தை ராட்சசனை அஞ்சு பிள்ளைகள் முன்னால நிறுத்தாதீங்க, பாவம், அவன் ஒரு அடி அடிக்கிறதுக்குள்ள இவங்க அஞ்சு அடி அடிச்சிருப்பாங்க. உயிரைக் கூட்டினா சண்டை நீளுமே தவிர சமமாகாது. சுற்றுக்கு ரெண்டு முறை கொடுங்க, இல்லேன்னா நாலு எடுபிடிகளைக் கூட அனுப்புங்க.

6. மந்திரவாதிதான் வீட்டுச் சண்டைக்கு முதல் காரணம். அவனுக்கு எத்தனை மந்திரமோ அத்தனை ஏலக்காயை ஒரு டம்ளரில் போட்டு, ஒரு மந்திரத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துருங்க. கதையில ராத்திரி தூங்கி எழுந்தாத்தான் டம்ளர் நிரம்பும். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு “தூங்கப் போறோம்”னு கிளம்பினா, ராமநதியில தண்ணி ஏறுது, விடியறதுக்குள்ள தோரணமலை உச்சிக்குப் போயாகணும்னு கதையைத் திருப்புங்க. கதை நடத்துறவருக்குன்னு 2014-ல் வந்த புத்தகம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதலைத் தாங்கலாம்னு கணக்குப் போடுது. நம்ம வீட்டில் காபிக்கும் டிபனுக்கும் நடுவே ரெண்டோ மூணோதான் நடக்கும், ஏலக்காயையும் அதுக்குத் தக்கபடி குறைச்சுடுங்க.

7. வைத்தியர் வேஷத்துக்கு ஒருத்தரும் முன்வர மாட்டாங்க. கடைக்குட்டி தலையில கட்டாம, ஆளுக்கு ஒரு சுக்குப் பொட்டலம் கொடுத்துட்டா அந்த வேஷம் இல்லாமலே ஓடும். யாராவது எடுத்தா, தோரணமலைக் கதையில வர்ற தேரையர் மாதிரி மூலிகை, விஷமுறிவு, மண்டையோட்டு வைத்தியம்னு வேலையைக் கூட்டிக் கொடுங்க.

8. 1974-ல் இந்த விளையாட்டு வந்தப்போ வீரன், மந்திரவாதி, சமயகுருன்னு மூணே வேஷம். கள்ளன் 1975-ல்தான் சேர்ந்தான். கள்ளனுக்குச் சுவர் ஏறவும் ஒளியவும் தெரியும்னு எழுதினதும், மத்தவங்களுக்கு அது தெரியாதுன்னு அர்த்தம் ஆகிப்போச்சு. யார் வேணும்னாலும் ஏறிப் பார்க்கட்டும், கள்ளன் கொஞ்சம் கூடுதல் சுலபமா ஏறட்டும்.

9. ஏறுறது, தாண்டுறது, நீந்துறதுன்னு தனித்தனித் திறமையா எழுதினா ஒரே உடம்புக்கு மூணு முறை காசு கேட்கிற மாதிரி. பழைய பதிப்பில் அப்படித்தான் இருந்தது, அப்புறம் அவங்களே ஒண்ணாச் சேர்த்துட்டாங்க. இன்னொண்ணு: பொதிகைக் காட்டுக் கதையில குதிரையேற்றம் எதுக்கு? யாராவது ஆசையா எடுத்திருந்தா, கதையில ஒரு குதிரையைக் கொண்டு வாங்க, இல்லே வேற திறமை எடுத்துக்கச் சொல்லுங்க.

10. சின்னப் பிள்ளைக்கு வாள்வீரன்தான் லேசு. நாய், கிளின்னு துணைக்கு ஒண்ணு கேட்டா கொடுங்க, ஆனா அதுக்குத் தனி முறை கிடையாது.

11. வரைபடத்துக்குக் கட்டம் போட்ட விரிப்பு விலைக்கு வாங்கறாங்களாம்! தார்சாவில் கோலப்புள்ளி வெச்சாப் போதும், புள்ளிக்குப் புள்ளி அஞ்சடி. வில்லாளிக்கு எட்டும் தூரம், வாளுக்கு எட்டாத தூரம் எல்லாம் கண்ணுக்கு நேரா தெரியும்.

12. விதிப் புத்தகம் விலை கூடுதல். அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டாச்சு, மூலம் இதுன்னு ஒரு வரி சேர்த்துட்டுத் தமிழில் எழுதிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். மொத்தம் சுமார் 400 பக்கம், அதனால முழுசையும் ஜெராக்ஸ் எடுக்காம உங்க பிள்ளைகள் எடுத்த வேஷத்துப் பக்கத்தை மட்டும் எடுங்க. மார்க்கெல்லாம் பென்சில்லயே குறிச்சா அதே தாள் அடுத்த சீசனுக்கும் ஆகும்.