தெர்மாஸ்: சிறப்புப்பெயர் பொதுப்பெயரான கதை

சுடச்சுட ஊற்றிய பாலைப் பல மணி நேரம் ஆறாமல் வைத்திருக்கும் குடுவையை நாம் 'பிளாஸ்க்' என்கிறோம். ஆங்கிலக் கதைகளில் அதே குடுவைக்குத் 'தெர்மாஸ்' என்ற சொல்லை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'ஒரு தெர்மாஸ் நிறையக் காப்பி' என்று அம்மொழியில் வெகு இயல்பாக எழுதுவார்கள். ஆனால் தொடக்கத்தில் இது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். அது எவ்வாறு பொதுச் சொல்லாயிற்று என்று காண்போம்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த குடுவை

இக்குடுவையை 1892-இல் அமைத்தவர் ஜேம்ஸ் டியூவர் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலறிஞர். காப்பியைச் சூடாக வைப்பது அவர் நோக்கமன்று. கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களைச் சேமித்து வைக்கவே அவர் வழி தேடினார். திரவ ஆக்சிஜன் -183 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அறையின் சாதாரண வெப்பமே அதற்கு அடுப்பு!

வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்பதைப் படித்திருக்கிறீர்கள். டியூவரின் குடுவைக்கு இரண்டு கண்ணாடிச் சுவர்கள். இடையிலுள்ள காற்றை நீக்கி வெற்றிடமாக்கினார். ஆகவே அவ்விடைவெளியில் வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமும் பெரிதும் தடைப்பட்டன. சுவர்களுக்குப் பூசிய வெள்ளி கதிர்வீசலைத் திருப்பி அனுப்பியது. வெளியே செல்லும் வெப்பமானாலும், உள்ளே நுழையும் வெப்பமானாலும் தடை ஒன்றே. எனவேதான் ஒரே குடுவை சூட்டையும் காக்கிறது, குளிர்ச்சியையும் காக்கிறது.

டியூவர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பர்கர் என்பவர், உடையக்கூடிய கண்ணாடிக் குடுவையை உலோக உறைக்குள் பொருத்தி வீட்டுக்கு ஏற்றதாக்கினார். 1904-இல் அதற்குத் 'தெர்மாஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

புகழே பகையாயிற்று

1907-இல் தெர்மாஸ் கம்பெனி அமெரிக்காவிலும் தோன்றியது. தெர்மாஸ் வீட்டுக்கு வீடு வழங்கும் சொல்லாகிவிட்டது என்று 1910-இல் அக்கம்பெனியே பெருமையுடன் அச்சிட்டது. அந்தப் பெருமையே பின்னர் இடராயிற்று.

வணிகப் பெயர் ஆங்கில வாக்கியத்தில் பெயரடையாக நிற்க வேண்டும் என்று கம்பெனிகள் விரும்பும். 'தெர்மாஸ் வெற்றிடக் குடுவை' என்றால், இத்தனை குடுவைகளில் இன்னார் செய்தது என்று பொருள். மக்களோ, 'ஒரு தெர்மாஸ்', 'இரண்டு தெர்மாஸ்கள்' என்று பேசினர். யார் செய்த குடுவையானாலும் அது தெர்மாஸ்தான்! சிறப்புப்பெயர் இவ்வாறு பொதுப்பெயராயிற்று.

அலாவுதீன் என்ற போட்டி நிறுவனம் தன் குடுவைகளையும் 'தெர்மாஸ்' என்று விற்க முனைந்தபோது வழக்கு மூண்டது. இத்தகைய குடுவையை அறிந்த அமெரிக்கர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் அதைத் தெர்மாஸ் என்றே அழைத்தனர். அது ஒரு வணிகக் குறி என்பதை அறிந்தவர்களோ மக்களில் சுமார் 12 விழுக்காட்டினர்தாம். இவ்விவரம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இச்சொல் அமெரிக்காவில் பொதுச்சொல்லாகிவிட்டது என்று உறுதி செய்தது. முதல் எழுத்தான 'டி'யைச் சிறிய எழுத்தாக எழுதி, முன்னால் தன் பெயரையும் சேர்த்து அலாவுதீன் இச்சொல்லைப் பயன்படுத்தலாம். பெரிய 'டி' பழைய உரிமையாளருக்கே. ஓர் எழுத்தின் உருவத்தில் எத்துணை பெரிய வேறுபாடு!

எனினும் வேறு பல நாடுகளில் தெர்மாஸ் இன்றும் பதிவு பெற்ற வணிகக் குறியே. 'ஆஸ்பிரின்' என்ற சொல்லும் இத்தகையதே. அமெரிக்காவில் அது பொதுச்சொல். கனடாவில் பேயர் கம்பெனியின் வணிகக் குறி. ஒரு சொல்லைக் கேட்டதும் மக்கள் மனத்தில் தோன்றுவது பொருளா, அதைச் செய்தவரா என்பதே கேள்வி.

காப்புரிமை பெறாத டியூவர் என்ன ஆனார்? திரவ நைட்ரஜன் வைக்கும் குடுவையை ஆய்வுக்கூட ஆங்கிலத்தில் இன்றும் 'டியூவர்' என்றே அழைக்கிறார்கள். விளம்பரம் ஏதுமின்றி அவர் பெயரும் பொதுப்பெயராகிவிட்டது. அதைக் குறித்து வழக்குத் தொடுப்பார் எவருமில்லை.

சிந்தனைக்கு: 'ஜெராக்ஸ் எடுத்து வா' என்கிறோம். இங்கே 'ஜெராக்ஸ்' பொருளைக் குறிக்கிறதா, செய்தவரைக் குறிக்கிறதா? இத்தகைய வேறு ஐந்து சொற்களை உங்கள் வீட்டிலேயே தேடி எழுதுங்கள்.