பழைய இரும்பும் புதிய கம்பியும்

பெருமாட்டி, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊராட்சி. இங்குத் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. பழைய பொருள்களை வாங்க வருபவரை மலையாளிகள் ஆக்ரிக்காரர் என்பர். பழைய இரும்பு சேரும் இடத்தைத் தமிழர் காயலான் கடை என்பர். முற்காலத்தில் பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் தந்து சென்ற வணிகரைப் பற்றி உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒடிந்த மண்வெட்டியும் துருப்பிடித்த மிதிவண்டியும் அக்கடையோடு முடிந்துபோவதில்லை. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் வழியிலுள்ள கஞ்சிக்கோட்டில், பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் உள்ளன. உருக்குவதற்கு முன் இரும்பைத் தரம் பிரித்தல் வேண்டும். பழைய மோட்டாரின் செம்புக் கம்பி இரும்போடு கலந்துவிட்டால், உருகிய எஃகிலிருந்து செம்பைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். செம்பு மிகுந்த எஃகைச் சூடாக்கி உருட்டும்போது அதன் மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும். ஆகவே, காயலான் கடையில் அமர்ந்து கம்பியையும் தகட்டையும் வேறுபிரிப்பவரின் உழைப்பு, ஆலைத் தொழிலாளியின் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் காந்தம் ஈர்ப்பதில்லை. அவற்றில் குரோமியமும் நிக்கலும் கலந்திருப்பதால் அவை தனியே விலை பெறும்.

எஃகைத் தரம் பெரிதும் குன்றாமல் மீண்டும் மீண்டும் உருக்கலாம். அவ்வாறாயின், சுரங்கம் தோண்டிப் புதிய தாதுவை எடுப்பது ஏன்? விடை நம்மைச் சுற்றியே நிற்கிறது. வீடு, பாலம், தண்டவாளம், பேருந்து ஆகியவற்றுக்குள் இருப்பது பயன்பாட்டிலுள்ள எஃகு. கட்டடத்தினுள் புதைந்த கம்பி, அக்கட்டடம் இடிக்கப்படும்வரை பல பத்தாண்டுகள் வெளிவராது.

நெடுங்காலத்திற்கு முன்பே தொழில் வளர்ந்த நாடுகளில் ஆளுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 டன் எஃகு சேர்ந்துள்ளது. அங்கே பழைய பாலங்களும் ஊர்திகளும் ஓயாது கழிகின்றன. அமெரிக்காவில் எஃகின் பெரும்பகுதி மின் உலைகளிலேயே உருவாகிறது. இந்தியாவின் சேமிப்பு அதில் சிறுபங்கே. 2023-24ஆம் ஆண்டில் இங்கு ஆளுக்கு ஏறத்தாழ 98 கிலோ எஃகு பயன்பட்டது; உலகச் சராசரியோ 200 கிலோவுக்கும் மேல். நம் கட்டடங்களுள் பல இளையவை. கழிவதற்கு இன்னும் காலம் வரவில்லை. ஆகவே இந்தியா வெளிநாடுகளிலிருந்தும் பழைய இரும்பை வாங்குகிறது. குஜராத்தின் அலங்கு கடற்கரையில் 1983 முதல் பழைய கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. அவற்றின் தகடுகளும் மீண்டும் கம்பிகளாகின்றன.

பயிற்சி

1. செம்பு கலந்த பழைய இரும்பை உருக்குவதால் விளையும் குறை யாது?
2. அமெரிக்காவில் மிகுதியாகக் கிடைக்கும் பழைய இரும்பு இந்தியாவில் குறைவாகக் கிடைப்பது ஏன்?
3. உங்கள் வீட்டிலுள்ள ஐந்து இரும்புப் பொருள்களை எழுதுக. அவை எத்தனை ஆண்டுகளாகப் பயன்படுகின்றன என்று பெரியோரிடம் கேட்டு அருகில் குறிக்க.