எல்லோரும் சொன்னால் சரியாகிவிடுமா?

கடந்த தவணைப் பரீட்சைக்கு முன்னர் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து படித்தோம். "டொனமூர் யாப்பு போன முறை வந்தது, இந்த முறை வராது" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும், எல்லோரும் ஒரே பேச்சில் நிற்கும்போது நான் மட்டும் ஏன் குறுக்கே பேசவேண்டும் என்று இருந்துவிட்டேன். அரசறிவியல் வினாத்தாளில் டொனமூர் கட்டாய வினாவாகவே வந்தது. எங்கள் பேச்சை நம்பிப் புத்தகத்தை மூடிவைத்த தோழி மண்டபத்துக்கு வெளியே வந்து அழுதாள். பிறகுதான் தெரிந்தது, ஏழு பேரில் நான்கு பேருக்கு அதே சந்தேகம் இருந்திருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஊர் ஓடினால் ஒத்தோடு" என்பார்கள். ஊர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது யார்?

இந்த நிலையை உளவியலில் குழுச்சிந்தனை என்பர். அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். குழுவின் ஒற்றுமை குலையக்கூடாது என்ற எண்ணம், முடிவு சரியா என்று ஆராயும் எண்ணத்தை மேவிவிடுவதே குழுச்சிந்தனை. இது அறிவில்லாதவர்களுக்கு மட்டும் வருவதல்ல. ஒருவரையொருவர் மதிக்கின்ற, நெருங்கிய குழுக்களிலேயே எளிதில் வரும்.

ஜானிஸ் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று 1961இல் நடந்த கியூபாப் படையெடுப்பு. ஜனாதிபதி கென்னடியைச் சுற்றியிருந்தவர்கள் பெரும் படிப்பாளிகள். திட்டமோ மூன்றே நாட்களில் படுதோல்வியடைந்தது. ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்கு அத்திட்டத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கூட்டங்களில் வாய்மூடி இருந்ததற்காகப் பின்னர் அவர் தம்மையே நொந்துகொண்டார்.

பரீட்சை முடிந்தபின் டொனமூர் அலகை ஒழுங்காகப் படித்தேன். அங்கே எங்கள் யாழ்ப்பாணமே இருந்தது. 1931இல் இந்த யாப்பின் கீழ் இலங்கையில் முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 21 வயதான பெண்களும் வாக்களிக்கலாம். ஆனால், பூரண சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. அவர்கள் நல்லவர்கள், சாதி வேற்றுமையை எதிர்த்தவர்கள், 1927இல் காந்தியடிகளை இங்கு அழைத்தவர்கள். அந்த அலையில், போட்டியிடத் தயாரானவர்களும் பின்வாங்கினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. தென்னிலங்கையும் பின்தொடரும் என்ற நம்பிக்கை பொய்த்தது. அங்கே தேர்தல் நடந்தது. எங்கள் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

பகிஷ்கரிப்பின் நோக்கத்தை இன்றும் மதிப்பவர்கள் உண்டு, நானும் மதிக்கிறேன். என் மனதை உறுத்துவது வேறு. உடுவிலில் இருந்த ஒரு தாயும், சோனகத் தெருவில் இருந்த ஓர் உம்மாவும், நாடெங்கும் பெண்கள் முதல் வாக்கைப் போட்டபோது வீட்டில் இருந்தார்கள். "தெற்கு வராவிட்டால் என்ன செய்வோம்?" என்ற கேள்வியை உரத்துக் கேட்டு, விடை கிடைக்கும்வரை விடாமல் நின்றிருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம்.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. தலைவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்லவேண்டும். கென்னடி 1962 ஏவுகணை நெருக்கடியின்போது சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் விட்டார், மற்றவர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று. இரண்டாவதாக, குறை கண்டுபிடிப்பதையே ஒருவருக்குப் பொறுப்பாகக் கொடுக்கலாம்; அப்போது எதிர்த்துப் பேசுபவர் துரோகியாகத் தெரியமாட்டார். மூன்றாவதாக, குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கேட்கலாம். நான்காவதாக, இறுதி முடிவுக்கு முன் இன்னொரு தடவை கூடி ஐயங்களைப் பேசலாம்.

எமது மார்க்கமும் மஷூராவை வலியுறுத்துகிறது. பத்ரில் நபி (ஸல்) அவர்கள் தங்கிய இடம் வஹீயின்படியா, சொந்த அபிப்பிராயமா என்று ஹுபாப் இப்னுல் முன்திர் (ரழி) பணிவோடு கேட்டார். அபிப்பிராயமே என்றதும் வேறோர் இடத்தைச் சொன்னார். நபியவர்கள் அதை ஏற்று இடம் மாறினார்கள். பணிவோடு மாற்றுக் கருத்துச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எந்தத் துறையில் படிப்பது என்று வீட்டில் பேசும்போது மாமா, சாச்சா, பெரியம்மா எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தபிறகு "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்காதீர்கள். அவளை முதலில் பேசவிடுங்கள்.

இந்தத் தவணையும் நாங்கள் ஏழு பேரும் கூடினோம். எந்த அலகை விடலாம் என்று ஒவ்வொருவரும் பேசாமல் ஒரு துண்டில் எழுதினோம். விரித்துப் பார்த்தால் ஏழு துண்டுகளில் ஏழு வேறு அலகுகள். ஆகவே ஒன்றையும் விடாமல் படிக்கத் தொடங்கினோம்.