ஒத்திகை இல்லாத நாடகம்: கம்பம் பள்ளத்தாக்கில் ஸ்பெஷல் நாடக மேடை

முன்னுரை

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்தனர் முன்னோர். இயலை நாம் வகுப்பறையில் பயில்கிறோம். இசை நாள் முழுவதும் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நாடகத்தையோ தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகச் சந்திப்பதோடு சரி. இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவனாகிய நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு பங்குனியில் எங்கள் ஊர் மந்தையில் திருவிழாக் கூட்டம் நடந்தது. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்திற்கும் இடையில், முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் ஊர் எங்களுடையது. இந்த ஆண்டும் 'வள்ளி திருமணம்' வைப்பதா, இன்னிசைக் கச்சேரி வைப்பதா என்று பேச்சு எழுந்தது. படித்த பிள்ளைகளின் கருத்து என்ன என்று பெரியவர்கள் கேட்டபோது நான் எழுந்து, "விடிய விடிய ஒரே கதை. யாரும் பார்ப்பதில்லை. கச்சேரியே போதும்" என்றேன். அந்த ஆண்டு கச்சேரிதான் நடந்தது. அறுபது ஆண்டுகளாக மேடைக்கு முன் பாய் விரித்து உட்கார்ந்த என் அப்பத்தா, அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவுமில்லை.

பின்னர், எங்கள் பேராசிரியர் கருத்தரங்கக் கட்டுரைக்காக எனக்கு அளித்த தலைப்பு சங்கரதாஸ் சுவாமிகள். படிக்கப் படிக்க, நான் அறியாத ஒன்றை எதிர்த்துப் பேசிவிட்டேன் என்பது புரிந்தது. அவ்வாறு அறிந்துகொண்டவற்றையும், இந்த ஆண்டு சித்திரையில் கண்ணால் கண்டதையும் சக மாணவர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் அமைப்பும்

நாடகக் குழு என்றால் ஓர் உரிமையாளர், ஒரு வாத்தியார், ஒன்றாகத் தங்கி ஒன்றாகப் பயிலும் நடிகர்கள் என்று நினைக்கிறோம். 'கம்பெனி நாடகம்' அப்படித்தான் இருந்தது. ஸ்பெஷல் நாடகம் அப்படியன்று. இதில் குழுவே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். நாரதர் ஒரு பேருந்தில் வருவார், பபூன் மற்றொரு பேருந்தில் வருவார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி, ஓர் இரவுக்கென்று மட்டும் சேர்க்கிறார்கள். ஒவ்வோர் இரவும் தனி ஏற்பாடாக அமைவதால் 'ஸ்பெஷல்' என்ற ஆங்கிலச் சொல்லே பெயராகி நிலைத்துவிட்டது.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி போன்ற ஊர்களில் உள்ள நாடக நடிகர் சங்கங்களே இவர்களுக்குத் தாய்வீடு. ஊரார் அமைப்பாளரைப் பார்த்து முன்பணம் கொடுத்ததும், நடிகர்களின் படங்களும் ஊர்ப் பெயர்களும் அச்சிட்ட நோட்டீஸ் சுவர்களில் ஏறும். செலவுக்குத் தலைக்கட்டு வரி. பார்ப்பவருக்குக் கட்டணம் இல்லை. அம்மனுக்கு நேர்ந்த நாடகத்திற்குச் சீட்டு ஏது?

இவர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. மாலையில் ஒப்பனைக் கொட்டகையில்தான் பலர் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேடையேறி, பொழுது விடியும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் மணம் முடித்து வைக்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள் ஏழெட்டு மணி நேரம் பிசிறின்றி நடிப்பது எப்படி? என் ஆய்வின் நடு வினா இதுதான்.

'பாடம்' என்னும் பொதுச் சொத்து

விடையைத் தேடினால் சங்கரதாஸ் சுவாமிகளிடம் வந்து நிற்கிறோம். 1867-இல் தூத்துக்குடிப் பகுதியிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் நடிகராக இருந்தார். நளன் கதையில் சனீசுவரனாக அவர் வேடமிட்டு வந்ததைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி நடுங்கிக் கருவிழந்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் சொல்வார்கள். குச்சனூர்ச் சனீசுவரனை ஆடிச் சனிக்கிழமைகளில் வழிபடும் நம் பகுதியில் இச்செய்தியைச் சொன்னால் இன்றும் சற்று அமைதி நிலவுகிறது.

அவர் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அவரிடம் பயின்றது இங்கேதான். அச்சிறுவர்களுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்' முதலியனவும் அவர் தந்தவையே. 1922-இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார். நூறாண்டு கடந்தும் அவர் எழுதியவை ஊர் மேடைகளில் வாழ்கின்றன.

நடிகர்கள் இவற்றைப் 'பாடம்' என்கிறார்கள். வாத்தியாரிடம் பாடம் பெற்றவர் எந்த ஊர்க்காரராயினும், வள்ளி எந்தப் பாட்டோடு வருவாள், நாரதர் எந்த அடியில் குறுக்கிடுவார், முருகன் வேடனாகவும் பின்பு கிழவனாகவும் எப்போது மாறுவான் என்பதை அறிவார். பாடம் பொதுவாக இருப்பதால் ஒத்திகை வேண்டியதில்லை. இரு புலவர்கள் வழியில் சந்தித்து வெண்பாவில் உரையாட முடிகிறது என்றால், இருவருக்கும் யாப்பு பொதுவாக இருப்பதே காரணம். ஸ்பெஷல் நாடகமும் அத்தகையதே.

ஆனால் பாடம் கட்டாகவே நின்றுவிடுவதில்லை. அதற்குள் 'தர்க்கம்' என்றொரு பகுதி உண்டு. வள்ளியும் நாரதரும் வாதிடுமிடம் அது. இங்கே எழுதி வைத்த பாட்டுக்கு நடுவே சொந்தமாகக் கேள்வி கேட்கலாம், புராணத்திலிருந்தும் குறளிலிருந்தும் சான்று காட்டலாம், எதிரியை மடக்கலாம். மறுமொழி என்ன வரும் என்பது கேட்டவருக்கே தெரியாது. நடிகரின் படிப்பு வெளிப்படுவது இங்கேதான். பாடம் கரை என்றால் தர்க்கம் ஆறு.

இக்கரையையும் ஆற்றையும் இணைப்பவர் ஆர்மோனியக்காரர். மேடையின் ஒரு பக்கத்தில் மிருதங்கம், 'ஆல்ரவுண்ட்' எனப்படும் பல தாளக் கருவிகள், கைத்தாளம் ஆகியவற்றோடு அமர்ந்து, பின்பாட்டும் பாடி, வழி தவறியவரைச் சுருதியால் திருப்பி அழைத்து வருகிறார். ஒத்திகை இல்லாத நாடகத்தின் கண்காணாத இயக்குநர் அவரே எனலாம்.

மேடை ஏறியோர்

இம்மேடை சிறியதன்று. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் முருகனும் வள்ளியுமாகப் பாடிப் புகழ்பெற்றது 'வள்ளி திருமணத்தில்'. விடுதலைப் போராட்டக் காலத்தில் தியாகி விசுவநாததாஸ் முருக வேடத்திலேயே நாட்டுப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் நீத்தார்.

நம் பகுதிக்கும் நாடகத்திற்கும் உறவு நெருக்கமானது. சிறுவர் நாடகக் குழுக்களில் வளர்ந்த எஸ்.எஸ். ராஜேந்திரன் 1962-இல் தேனித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு ஊர் ஊராக மேடையேறினார். அத்தம்பியருள் ஒருவர் இளையராஜா. இப்பள்ளத்தாக்கின் மூங்கில் தட்டி மேடைகளையும் மந்தைகளையும் கடந்தே இங்குள்ள கலைஞர் பலர் பட்டணம் போனார்கள்.

அரங்கின் இலக்கணத்திற்கும் நாம் தொலைவில் இல்லை. கூடலூருக்கு மேலே மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. அவள் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் அரங்கின் அளவைத் தருகிறது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூவகை எழினியும் கூறப்படுகின்றன. எங்கள் ஊர்ச் சிமெண்டு மேடையில் தொங்கும் அரண்மனைச் சீனும் காட்டுச் சீனும் அந்த எழினிகளின் ஏழைப் பேரப்பிள்ளைகள்.

பருவமும் நெருக்கடியும்

இரண்டாம் போக நெல்லை அறுத்தபின், ஜூனில் அணை நீர் மறுபடி வரும்வரை வயல் ஓய்ந்திருக்கும். கையில் சிறிது பணமும் இருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அம்மன் விழாக்கள் வரும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் சித்திரையில்தான். ஆகவே நடிகரின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. 2020-இல் ஊரடங்கு மார்ச் இறுதியில் தொடங்கியது. 2021-லும் கோடையிலேயே தொற்று மீண்டும் பெருகியது. அடுத்தடுத்து இரு பருவங்கள் அழிந்தபோது ஒப்பனைப் பெட்டியை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனவர் பலர்.

இன்னொரு நெருக்கடி நேரத்தைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக் காலத்தில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். நோயாளிக்கும் குழந்தைக்கும் தேர்வு எழுதும் மாணவருக்கும் உறக்கம் வேண்டும். விதியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விதி தொடங்கும் நேரமே ஸ்பெஷல் நாடகம் தொடங்கும் நேரம்! இரண்டு மணி நேரத்திற்குள் எதைக் காட்டுவது? பபூனும் நடனப் பெண்ணும் வரும் நகைச்சுவைப் பகுதிக்குக் கைதட்டல் உண்டு, அது நீள்கிறது. தர்க்கம் சுருங்குகிறது. தர்க்கம் இல்லையென்றால் அதைப் படிக்க இளைய நடிகருக்குத் தேவை ஏது? பாடம் கைவிடப்பட்டால், அன்னியர் சேர்ந்து நடிக்கும் இக்கலைக்கு அடித்தளமே இல்லாமற் போகும்.

சித்திரையில் ஓர் இரவு

இந்த ஆண்டுக் கூட்டத்தில் நான் மீண்டும் எழுந்தேன். "சென்ற ஆண்டு தெரியாமல் பேசிவிட்டேன். இவ்வாண்டு நாடகம் வைப்போம்" என்றேன். சிலர் சிரித்தனர். "படிச்ச புள்ளைக வருசத்துக்கு ஒன்னு பேசுதுக" என்றார் ஒரு பெரியவர். எனினும் நாடகம் முடிவாயிற்று.

ஒப்பனைக் கொட்டகையில் நானும் நின்றேன். வள்ளி புதுக்கோட்டையிலிருந்தும் நாரதர் திண்டுக்கல்லிலிருந்தும் வந்திருந்தனர். "வணக்கம்ண்ணே, எத்தனை கட்டை?" என்று வள்ளி கேட்க, நாரதர் தம் சுருதியைச் சொன்னார். அவர்களுக்குள் நடந்த ஒத்திகை அவ்வளவே.

பபூன் காட்சி பதினொன்றரை வரை ஓடியது. வள்ளி வந்து இரண்டு பாட்டுப் பாடி, நாரதர் வரும்போது மணி பன்னிரண்டு. காவலர் ஒருவர் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். கூட்டம் எழுந்தது. சேரும் செல்வத்திற்கும் நீங்கும் செல்வத்திற்கும் கூத்தவைக் கூட்டத்தை உவமை சொன்ன வள்ளுவர் நினைவுக்கு வந்தார். கால் மணி நேரத்தில் மந்தை காலி. நான் தலைகுனிந்து நின்றேன்.

அப்போது என் அப்பத்தா பாயைச் சுருட்டினார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மேடைக்கு அடியில் கொண்டுபோய் அதை விரித்தார். அவரைப் பார்த்து ஓர் அறுபது எழுபது பேர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தனர். ஆர்மோனியக்காரர் நடிகர்களைப் பார்த்தார். பேசிய சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் படுக்கப் போயிருக்கலாம். வள்ளி மேடை விளிம்பிற்கு வந்து நின்றார், ஆர்மோனியம் மெல்லச் சுருதி பிடித்தது, தர்க்கம் தொடங்கியது.

ஒலிபெருக்கி இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. நடுவில் நாரதர் ஒரு பாட்டைத் தவறவிட்டு அடுத்த கட்டத்திற்குத் தாவினார். வள்ளி மறுமொழி சொல்வதுபோலவே விட்ட இடத்தைக் கேள்வியாக்கித் திருப்பிக் கேட்டார். ஆர்மோனியமும் அந்தப் பாட்டின் தொடக்கச் சுரத்தைத் தொட்டது. நாரதர் புன்னகைத்து அதை எடுத்துப் பாடினார். பிழையைப் பிழையென்று கண்டவர் அங்கே சிலரே. என் அப்பத்தா கண்டார். "பிடிச்சுட்டாள்ல" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் நூல்களில் தேடிய விடை இரண்டு சொற்களில் முடிந்தது.

விடியும்போது தாலி கட்டினார்கள். முப்பது பேர் இருந்திருப்போம்.

முடிவுரை

பாடம் நடிகரிடம் மட்டும் இல்லை. பாய் விரித்து உட்கார்ந்தவர்களிடமும் இருக்கிறது என்பதே நான் கண்ட முடிவு. இரு பக்கமும் பாடம் இருந்தால்தான் ஒத்திகையின்றி நாடகம் நடக்கும். மேடைக்கு மேலே உள்ளவர்களைச் சங்கங்கள் காக்க முயல்கின்றன. மேடைக்குக் கீழே உள்ளவர்களை யார் காப்பது?

மாலை ஏழு மணிக்கே தொடங்கித் தர்க்கத்தை முதலில் வைக்கலாம். பபூன் காட்சியை இடையில் அளவோடு அமைக்கலாம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதைச் சொல்ல இருக்கிறேன். நம் கல்லூரி முத்தமிழ் விழாவிலும் ஒரு மணி நேரம் தர்க்கம் மட்டும் நடத்துமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன். அதற்கு முன் நண்பர்களே, இப்பருவம் முடிவதற்குள் உங்கள் ஊர் மேடைக்கு முன் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உரைநூல் அவரே.